புகை தெரியாமல் சமைப்பது

தீயணைப்பு வண்டி எனக்கு எதிரே வந்தது. இடுப்பில் சமையல் ஏப்ரனோடும் காலில் குசினிச் செருப்போடும் சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனை விட்டுப் பெண்டில் ஹில் பக்கமாக நான் நடந்துகொண்டிருந்தேன். வண்டி சைரனைக் கத்தவிட்டபடி என்னைக் கடந்து, நான் வந்த பக்கமே போனது. அது தேடிப் போகிற ஆள் நான்தான் என்பது எனக்குத் தெரியும். வண்டியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் என் ஏப்ரனைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ஒரு வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. மில்டுராவில் திராட்சைத் தோட்டத்தை விட்டு நடந்ததைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். நோபல் பார்க்கில் மெத்தை செய்யும் இடத்தில் ஏழு மாதம் நின்றேன், அதுதான் என் வாழ்க்கையில் ஆகக் கூடியது. பள்ளிக்கூடத்தையே எட்டாம் வகுப்பில் விட்டு நடந்தவன். ஆனால் மற்ற இடங்களில் எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். இந்த இடத்தில் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் இருந்திருந்தால் நின்றிருப்பேன்.

அது ராஜி அக்காவின் சாப்பாட்டுக் கடை. எட்டு மேசை, கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், வடை, மத்தியானம் சோறு கறி. ராஜி அக்கா பருத்தித்துறைக்காரி, சண்டை பெருக்க முன்னரே சிட்னிக்கு வந்துவிட்டவர். என்னை வேலைக்கு எடுத்த அன்று, எத்தனை பேருக்குச் சமைப்பாய் என்று கேட்டார். முந்நூறு பேருக்கு என்றேன். எந்த ஹோட்டலில் என்று கேட்டார். ஹோட்டல் இல்லை அக்கா, காட்டில் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்காமல் ஏப்ரனை எடுத்துத் தந்தார்.

நாலு நாள் நன்றாகவே சமைத்தேன். ஐந்தாம் நாள்தான் இந்த நடை.

பதினொரு வெடி

இயக்கத்தில் இருந்ததாக எழுதுகிறீர்களே, எத்தனை தரம் சுட்டீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதினொரு தரம். எல்லாம் பயிற்சி முகாமில், எல்லாம் மரத்துக்கு. அதில் இரண்டு மரத்தில் பட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் குசினிக்கு அனுப்பினார்கள்.

கடைசி வருடம் நான் சமைத்தது ஒரு தென்னந்தோட்டத்தில். ஒரு கிலோமீற்றர் முன்னால் ஒரு குளக்கட்டு. கட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் வயலுக்கு அப்பால் ஆமி. மேலே ஆளில்லாத விமானம் ஒன்று நாள் முழுக்க இரைந்துகொண்டு நிற்கும். அதற்குத் தெரியாமல் முந்நூறு பேருக்கு அடுப்பு மூட்ட வேண்டும்.

அடுப்பைக் குழிக்குள் வைப்போம். குழியின் ஒரு பக்கத்திலிருந்து முப்பது அடிக்கு வாய்க்கால் மாதிரி ஒரு கான் வெட்டி, தகரம் போட்டு, நனைந்த சாக்கு விரித்து, மேலே மண் போட்டு மூடிவிட வேண்டும். புகை அந்தக் கானுக்குள் போய், போகப் போக ஆறி, கடைசியில் பற்றைக்குள் நூல் நூலாகக் கசியும். பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரியாது. காய்ந்த விறகு மட்டும்தான். விடிய முன்னர் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். இது சட்டம். எனக்குப் பிடித்த ஒரே சட்டமும் இதுதான், ஏனென்றால் அதில் நான் கெட்டிக்காரன். பொறுப்பாளர் ஒரு முறை சுற்றிப் பார்க்க வந்தவர், அடுப்பு எங்கே என்று என்னிடமே கேட்டார். அப்போது அவர் நின்றது கானுக்கு மேலே.

அவர் போகும்போது ஒரு கட்டளை சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டுப் பொதியில் சோறும் பருப்பும் குறைந்தாலும் பரவாயில்லை, ஒரு பொரித்த மிளகாய் கட்டாயம் இருக்க வேண்டும். வயிறு நிறைவதற்குச் சோறு, சண்டை பிடிப்பதற்கு மிளகாய் என்பது அவருடைய கணக்கு. பேச்சுப் போட்டி மாதிரி அவர் நடத்திய கூட்டங்களை விட அந்த மிளகாய் அதிக வேலை செய்தது என்பதை நான் கண்ணால் கண்டவன்.

குறை எழுதுகிறவர்கள்

பொதிகள் இருட்டோடு முன்னுக்கு, குளக்கட்டில் நிற்கிறவர்களுக்குப் போகும். வெறும் பைகள் மறுநாள் திரும்பி வரும், திரும்பவும் பாவிக்க. அந்தப் பைகளுக்குள் துண்டுகள் இருக்கும். பற்றரி உறையில், மருந்துப் பெட்டி மட்டையில், சிகரெட் தாளில் எழுதியவை.

“பருப்புக்குள் நீச்சல் பழகினோம், நன்றி.”

“இன்றைய சோற்றில் கல் குறைவு. எண்ணிப் பார்த்தோம். கவனிக்கவும்.”

“சமையல்காரருக்குக் காதல் தோல்வியா? உப்பு கண்ணீரளவு இருக்கிறது.”

யார் எழுதுகிறார்கள் என்று தெரியாது. எழுத்தை வைத்து ஆளுக்கு ஒரு முகம் கொடுத்திருந்தேன். பக்கத்து முகாமில் சமைத்தவர் தன்னைக் குறை சொல்கிறார்கள் என்று முறைப்பாடு செய்தார். எனக்கு அது வேறு மாதிரி. குறை எழுதுகிறவன் சாப்பிட்டிருக்கிறான், இருக்கிறான், பகிடி விடும் நிலையில் இருக்கிறான். துண்டு வராத நாள்களில்தான் எனக்குச் சோறு இறங்காது.

கடைசிக் காலத்தில் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். தொங்கியதும் உண்டு. ஆனால் நான் அந்த வருடம் சிரித்த அளவுக்கு அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது.

சின்னராசா அண்ணை

குசினியில் என்னோடு நின்றவர் சின்னராசா அண்ணை. ஐம்பது தாண்டியவர், சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று இயக்கம் கேட்டபோது மகனைப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் வந்து நின்றவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் கட்டியிருக்கும். துவக்கைத் தூக்கினால் தோள் நோகிறது என்று சொன்னதால் என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

சமையல் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. மூன்றாம் மாதம் என்னை விட நன்றாகச் சம்பல் இடித்தார். யாரையும் உரல் பக்கம் விடமாட்டார்.

அந்த மாசி மாதம் இரண்டு நாளாக மிளகாய் கிடைக்கவில்லை. துண்டுகள் வந்து குவிந்தன. ஒருவன் எழுதியிருந்தான், “மிளகாய் இல்லாவிட்டால் நான் வீட்டுக்குப் போகிறேன், அம்மாவிடம் சொல்லுகிறேன்.” மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு சாக்கு மிளகாய் வந்து சேர்ந்தது. பொழுதுபடும் வரை பொறுத்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை. பகலிலேயே அடுப்பை மூட்டினேன். விறகும் கொஞ்சம் ஈரம்.

சின்னராசா அண்ணை பொரித்துக்கொண்டிருந்தார். நான் கிணற்றடிக்குத் தண்ணீருக்குப் போனேன். ஆமியின் செல் வந்து விழுந்தது. நான் திரும்பி ஓடி வந்தபோது அண்ணை இல்லை.

அன்றைக்கு அந்தத் தோட்டத்தைச் சுற்றி எத்தனையோ செல் விழுந்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பொறுப்பாளர் ஆள் அனுப்பி, இரவுச் சாப்பாட்டை வேறு இடத்தில் சமைக்கச் சொன்னார். சமைத்தேன். ஆனால் கான் வழியாக அன்று எவ்வளவு புகை போனது என்பதைத் திரும்பிப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கடைக்கு வேலைக்குப் போக மூன்று மாதத்துக்கு முன்னர், வவுனியாவிலிருந்து என் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. சின்னராசா அண்ணையின் மனைவி. யாரிடமோ என் நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

“தம்பி, கடைசி நேரம் நீர்தான் அவரோடை நிண்டனீராம். என்ன நடந்தது எண்டு ஒருக்காச் சொல்லும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.”

நான் பதில் போடவில்லை. என்ன நடந்தது என்று எனக்கே தெரியாமல் அவருக்கு எப்படிச் சொல்வது? என் புகையைக் கண்டு அடித்தார்களா, கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்களா? அது தெரிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். யாரிடம் கேட்டு அறிவது என்பதை யோசிக்கவில்லை. மூன்று மாதம் போய்விட்டது.

நிலத்தில் இரண்டு பேர்

இனிக் கடைக்கு வருவோம். அந்த ஐந்தாம் நாள் மத்தியானம் ராஜி அக்கா ஒரு தட்டு நிறையச் செத்தல் மிளகாய் தந்து பொரிக்கச் சொன்னார். சட்டியில் போட்டேன். மிளகாய் கறுக்கத் தொடங்கியது. அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் காற்றாடி ஒன்று இருக்கிறது, அது புகையைக் கூரைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். நான் அதை நிற்பாட்டினேன். பின் கதவைச் சாத்தினேன். ஜன்னலை இறுக்கினேன். புகை வெளியே போய்விடக் கூடாதல்லவா?

இதை நான் யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. வென்ட்வேர்த்வில் வானத்தில் என் சட்டியைத் தேடி யாரும் நிற்கவில்லை என்று கைக்கு யாரும் சொல்லவில்லை.

அலாரம் கத்தியது. அடுத்த கணம் நான் குசினிக்கும் கடைக்கும் இடையில் நிலத்தில் கிடந்தேன். முழங்கையை ஊன்றி, நெஞ்சை நிலத்தில் முட்டவிடாமல், வாயைத் திறந்துகொண்டு. செல் வெடிக்கிற அதிர்ச்சி நெஞ்சை உடைக்காமல் இருக்க அப்படித்தான் கிடக்க வேண்டும்.

கடைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் இருமிக்கொண்டு எழுந்து நின்றார்கள். மேசைகளுக்குக் கீழால் எனக்கு அவர்களுடைய கால்கள் தெரிந்தன. கால்களுக்கு இடையில் ஒரு முகமும் தெரிந்தது. மூன்றாம் மேசைக்குக் கீழே ஒரு ஆள். முழங்கை ஊன்றி, நெஞ்சு உயர்த்தி, வாய் திறந்து. கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

ராஜி அக்கா எங்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

“என்னத்தையடா நிலத்திலை தேடுறியள் ரெண்டு பேரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், கெட்ட மனத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு முகம் எரிந்தது. சீருடைக்காரர்கள் வரப் போகிறார்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விசா முடிவு வராமல் இருக்கிற ஒருவனுக்குச் சீருடை என்றால் எந்தச் சீருடை என்று கேட்கத் தோன்றாது. பின் கதவைத் திறந்தேன், நடந்தேன்.

வாங்கில் இருந்து பேசியது

பெண்டில் ஹில் போகிற வழியில் ஒரு சின்னப் பூங்கா. அங்கே கிடந்த மர வாங்கில் மூச்சு விட உட்கார்ந்தேன். பின்னால் ஒரு வான் வந்து நின்றது. மேலே ஏணி கட்டிய வான். மூன்றாம் மேசைக்காரர் இறங்கினார். கையில் அவருடைய மிச்சச் சோறு, பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் இருந்து, பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்தார். நிஹால் என்று பெயர் சொன்னார்.

நீர்கொழும்புப் பக்கத்துக் கரையோரத்தில் அந்த மாதிரிச் சிங்களப் பெயர்க்காரர்களும் தமிழ் பேசுவார்கள். ஆனால் அது அப்போது எனக்கு ஓடவில்லை. ஆள் தமிழ் பேசுகிறார், அலாரத்துக்குச் சரியான முறையில் படுக்கிறார். இயக்கத்தில் சிலருக்கு என்ன பெயரெல்லாமோ இருந்தது. நம்மவர் என்று முடிவுகட்டி, எந்த அணியில் நின்றனீங்கள் அண்ணை என்று கேட்டேன்.

“நான் ஆமி, மல்லி” என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

நான் அவருடைய சோற்றில் ஒரு வாய் எடுத்திருந்தேன். துப்புவதா விழுங்குவதா என்று ஒரு கணம். விழுங்கினேன். சோறு நான் சமைத்தது.

பிறகு எங்கே எங்கே நின்றோம் என்று பேச்சு வந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. மற்றவர்களுக்கு ஊர்ப் பெயர்தான் தெரியும். இவருக்குக் குளக்கட்டில் எந்தப் பனை தலையில்லாமல் நின்றது என்பது தெரியும். நான் நின்ற குளத்துக்கு அந்தப் பக்கத்து வயலில் நாலு மாதம் கிடந்திருக்கிறார்.

தங்களுக்கு மூன்று நேரமும் தகரத்து மீன், பிஸ்கட் என்றார். கால் விரல்களெல்லாம் சேற்றில் அழுகிப்போயிற்றாம். இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்று அவர்களுடைய பெரியவர் ஒவ்வொரு கிழமையும் சொன்னாராம். எங்களுக்கும் அதேதான், எங்கள் ஆள் மாதக் கணக்கில் சொன்னார் என்றேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார். காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தால் விடியப்புறத்தில் மிளகாய் பொரிக்கிற வாசம் வருமாம். காவலுக்கு நிற்கிறவனுக்குத் தும்மல் பிடிக்குமாம். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசத்தோடு தின்பார்களாம்.

நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கிலோமீற்றருக்கு மேல் வாசம் போகுமா? ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்கமாட்டேன். புகையைத்தான் மறைத்தேன், வாசத்தை மறைக்க மறந்துவிட்டிருக்கிறேன்.

கேட்கக்கூடிய ஒரே ஆள் இந்த வாங்கில் இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாசி மாதத்தை, காலை நேரத்தை, ஈர விறகை, சின்னராசா அண்ணையை எல்லாம் சொன்னேன்.

“பகலிலை புகை கண்டால் செல் அடிக்கிறவைக்குச் சொல்லுவீங்களோ?”

“சொல்லுவோம்.”

“அண்டைக்குச் சொன்னீங்களோ?”

அவர் சோற்றுப் பெட்டியை மூடினார். அவசரப்படவில்லை.

“நான் சொல்ல இல்ல. மற்றவன் சொன்னானோ, தெரியாது. அடிக்கிறவன் எங்களுக்குப் பின்னால எங்கயோ இருப்பான். செல் எங்கட தலைக்கு மேலால போகும். எங்க விழுந்த எண்டு எங்களுக்கு ஒருத்தனும் வந்து சொன்னது இல்ல.”

ஒரு தாய் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

“உனக்கு ஒரு பொய் சொல்ல ஏலும், மல்லி. உன்ட புகை இல்ல எண்டு. சொல்லவா?”

“வேண்டாம்” என்றேன்.

அங்கேயே அது முடிந்தது. அந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கக்கூடிய ஆள் இவரை விட வேறு யாரும் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. அவரிடமும் இல்லை. அப்படியானால் வவுனியாவில் இருக்கிற அக்காவை நான் எதற்காகக் காக்க வைத்திருக்கிறேன்?

நிஹால் என்னைக் கடைக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். ராஜி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். வேலையை விடுகிறேன் என்பதையும் முறையாகச் சொன்னேன். அவர் என் சப்பாத்தையும் ஒரு பொதிச் சோற்றையும் கொண்டுவந்து தந்தார். இனி மிளகாய் பொரிக்கிறதெண்டால் எனக்கு ஒரு நாளுக்கு முதல் சொல்லு, நான் மெல்பேணுக்குப் போட்டு வாறன் என்றார்.

வானில் ஏறும்போது நிஹால் கேட்டது, ஏணி ஏறப் பயமா என்பது மட்டும்.

டூங்காபியில் ஒரு கூரை

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு டூங்காபியில் ஒரு ஓட்டுக் கூரையில் நின்றேன். நிஹாலுக்குக் கூரை கழுவிப் பெயின்ற் அடிக்கிற தொழில். இடுப்பில் கயிறு கட்டி, கையில் குழாயைத் தந்தார். தண்ணீர் போகிற வேகம் ஆளையே பின்னால் தள்ளும். பாசி கறுப்பாகக் கரைந்து ஓட, கீழே ஓடு செங்கட்டி நிறத்தில் எழும்பி வந்தது. செய்த வேலை இப்படி உடனே கண்ணுக்குத் தெரிகிற தொழிலை நான் பார்த்ததில்லை.

குளிர்காலம். இங்கே பத்து மணி, வவுனியாவில் விடியற்காலை ஐந்தரை. நிஹால் தேத்தண்ணிக்கு இறங்கினார். நான் கூரை முகட்டில் இருந்து போனை எடுத்தேன். இரண்டாம் மணியிலேயே அக்கா எடுத்தார். பின்னால் சேவல் கூவியது.

எல்லாம் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பகலில் அடுப்பு மூட்டியது நான். விறகு ஈரம். புகை போனது. அதைக் கண்டு அடித்தார்களா என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் வராது. அண்ணை மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தார், நான் தண்ணீருக்குப் போயிருந்தேன்.

அந்தப் பக்கம் திரும்பவும் சேவல் கூவியது.

“அவர் சமைச்சவரோ?” என்றார் அக்கா.

“ஓம் அக்கா.”

“என்ரை மனுசனோ? இருபத்தாறு வருசத்திலை எனக்கொரு தேத்தண்ணி வச்சுத் தந்ததில்லை, தம்பி.”

“சம்பல் அவர்தான் இடிப்பார். எங்களை உரலடிக்கு விடமாட்டார்.”

அக்கா சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் மூக்கை உறிஞ்சினார். பிறகு, எப்படி இடிக்கிறவர், தேங்காயை முதலே போடுகிறவரோ பிறகு போடுகிறவரோ, முழுதும் சொல்லும் என்றார்.

கீழே நிஹால் தேத்தண்ணி குடித்து முடித்து மெசினைத் திரும்பப் போட்டார். நான் கையைக் காட்டினேன். நிற்பாட்டிவிட்டு, ஏணியடியில் குந்திக்கொண்டார். கூரையில் பாதி கழுவியாயிற்று, பாதி கிடந்தது. முதலில் மிளகாயும் உப்பும் அக்கா என்று தொடங்கினேன்.